‘யார் சொன்னது?’ என்ற கட்டம்

தில்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் வரும் ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கிய தினம் நடத்தப் போகிறார்களாம். காலையில் யோகா, பிறகு இலவச சர்க்கரைப் பரிசோதனை, அதற்குப் பிறகு ஆன்டி-ஆக்ஸிடன்ட் பற்றி நான் பத்து நிமிடம் பேச வேண்டும். கேட்டவள் வித்யா. மூன்றாவது டவரில் இருக்கிறாள். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் என்னிடம் பயிற்சிக்கு வந்தவள், இப்போது தனியார் கிளினிக்கில் டயட்டீஷியன். தில்லியிலேயே பிறந்து வளர்ந்ததால் அவளுடைய தமிழுக்கு இந்தியும் ஆங்கிலமும் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும்.

“ஆன்ட்டி, ஜஸ்ட் டென் மினிட்ஸ்தான். என்ன சாப்பிடணும், எந்த சப்ளிமென்ட் அச்சா, அவ்ளோதான். சிம்பிளா சொல்லிடுங்க” என்றாள். சப்ளிமென்ட் கம்பெனிக்காரர்கள் ஸ்டால் போட்டு மாதிரிப் பாக்கெட்டுகள் இலவசமாகத் தருவார்கள் என்றும் சொன்னாள்.

பத்து நிமிடம் என்றதுமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நான் சாதாரணமாகவே பயந்தாங்கொள்ளி. கேஸை அணைத்தேனா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்து மூன்றாவது தடவையும் பார்ப்பேன். என் கணவர் கதவைப் பிடித்தபடி பொறுமையாக நிற்பார். ஆனால் இது அந்தப் பயம் இல்லை. முப்பத்திரண்டு வருட வேலையில் நான் ஒரே ஒரு தடவை இந்த விஷயத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியிருக்கிறேன். அதன் பிறகு நடந்ததை வித்யாவிடம் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் மனையியல், கல்யாணமாகி தில்லி, இங்கே ஒரு வருட டிப்ளமா, ஆறு மாதப் பயிற்சி. அப்புறம் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் வேலை. முதல் சில வருடங்கள் சமையல்கூடத்திலேயே கழிந்தன. கிச்சடி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, சர்க்கரை நோயாளியின் தட்டில் உருளைக்கிழங்கு போகாமல் பார்த்துக்கொள்வதுதான் உத்தியோகம். நிஜமான வேலையைக் கற்றுக்கொண்டது எங்கள் தலைமை டயட்டீஷியன் பல்லா மேடத்திடம்.

பல்லா மேடம் பஞ்சாபி. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைக் கோட்டு. கட்டில் அருகே நின்றபடி நோயாளியிடம் பேசி நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருவார். ஒரு துணிப்பையிலிருந்து மூன்று அளவில் எவர்சில்வர் கிண்ணங்கள், ஒரு கிளாஸ், ஒரு கரண்டி எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் பரப்புவார். ‘கீரை சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்கக் கூடாது, கேட்டால் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள் என்பார். நேற்றுக் காலை எழுந்ததும் உதட்டில் முதலில் பட்டது என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தண்ணீரா, டீயா, எந்தக் கிளாஸில், எவ்வளவு. அப்படியே தூங்கப் போகிற வரை நடத்திக்கொண்டு போக வேண்டும். அவசரப்படுத்தினால் மறுபடி முதலிலிருந்து கேட்கச் சொல்வார்.

எல்லாம் முடிந்த பிறகு, “தைலா திகாயியே” என்பார். பையைக் காட்டுங்கள் என்று அர்த்தம். நோயாளியோடு வந்தவருடைய பையில் இருப்பதையெல்லாம் எடுத்துக் கட்டிலில் வைக்க வேண்டும். எங்களுக்குக் கூச்சமாக இருக்கும். அவர் அதற்குச் சொன்ன காரணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. டாக்டர் மருந்தைப் பற்றிக் கேட்கிறார், நாம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறோம், இரண்டிலும் சேராத பொருள் ஒன்று எப்போதும் பைக்குள் இருக்கும் என்பார். சூரணம், டானிக், மச்சினன் வாங்கி வந்த பொடி. ஜனங்கள் பொய் சொல்வதில்லையாம், நாம்தான் கேட்பதில்லையாம்.

கடைசியாக ஒரு கட்டம். ஆஸ்பத்திரி அச்சடித்துக் கொடுத்த படிவத்தில் அது கிடையாது. மேடமே சிவப்பு மையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ‘கிஸ்னே கஹா’ என்று எழுதியிருப்பார். யார் சொன்னது? நோயாளி புதிதாக எதையாவது சாப்பிட ஆரம்பித்திருந்தால், அதைச் சொன்னது யார் என்று கேட்டு அதில் எழுத வேண்டும். எங்களுக்குள் அதைப் போலீஸ் ஸ்டேஷன் கட்டம் என்று கேலி செய்வோம். சொன்னவரைக் கண்டுபிடித்துப் பேசாவிட்டால் நோயாளி வீட்டுக்குப் போய் மறுபடியும் அதையேதான் செய்வார் என்பது மேடத்தின் கணக்கு.

நான் ஓய்வுபெறுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், கோல் மார்க்கெட் பக்கத்து அரசுக் குடியிருப்பில் இருந்த தமிழர்கள் பொங்கல் விழா நடத்தினார்கள். கோலப் போட்டிக்கும் இசை நாற்காலிக்கும் நடுவில் எனக்குப் பத்து நிமிடம். அப்போதுதான் ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்ற சொல் எல்லார் வாயிலும் புகுந்த சமயம். நான் கூட்டத்தில் பேசிப் பழகாதவள். பயத்தில் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். ஒரு ஆப்பிளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் எலுமிச்சம்பழச் சாற்றைத் தடவி மேஜையில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். மூச்சில் இழுக்கிற ஆக்ஸிஜனே உடம்புக்குள் துடுக்கான சில துகள்களை உண்டாக்குகிறது, அவை செல்களை அரிக்கின்றன, நெல்லிக்காய், கீரை, தக்காளி, கேரட், மஞ்சள் இவற்றில் எல்லாம் அதைத் தடுக்கிற பொருள்கள் இருக்கின்றன என்று விளக்கினேன். பேசி முடிப்பதற்குள் ஒரு பாதி பழுப்பாகிவிட்டது, சாறு தடவிய பாதி வெள்ளையாகவே இருந்தது. இரண்டையும் தூக்கிக் காட்டினேன். கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. கீரை எவ்வளவு சாப்பிடலாம் என்று ஒரு அம்மாள் கேட்டார். எவ்வளவு கூடுதலாகச் சாப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது என்றேன். கீரை பிடிக்காதவர்கள் விட்டமின் ‘இ’ மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று இன்னொருவர் கேட்டார். அதற்குள் நாற்காலிகளை வட்டமாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள், பாட்டுப்பெட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டுக்கொள்ளுங்கள், கேடு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். யாருக்கு, என்ன நோய், வேறு என்ன மருந்து என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வார்டில் ஒருவரிடம் அரை மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் ஒரு கரண்டி பருப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறவள், நூறு பேருக்கு நின்ற வாக்கில் சொல்லிவிட்டு வந்தேன்.

அதே வருடம் மே மாதம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இதய வார்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். நோயாளியின் பெயர் சண்முகவேல், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர். அப்படிப்பட்டவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை உண்டு. மாதா மாதம் ஐ.என்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்கும்படி மாத்திரையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். எண் இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். ஏறினால் உடம்பில் எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியும். அன்று அவருடைய எண் எட்டைத் தாண்டியிருந்தது.

மூக்கில் பஞ்சு அடைத்திருந்தார்கள், அதுவும் சிவந்திருந்தது. இரண்டு கைகளிலும் நீலத் திட்டுகள். கட்டிலில் தொங்கிய, சிறுநீர் சேரும் பையும் சிவப்பு, பார்க்கவே முடியவில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் மருந்தை நிறையக் கொடுத்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், கொடுக்காவிட்டால் மூளையில் கசியலாம் என்று டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். குளிர்காலத்தில் எண் ஏனோ இறங்கியதாம், இரண்டு தடவை மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். ஏப்ரலில் ஆபீஸ் வேலை என்று அவர் பரிசோதனைக்கு வரவில்லை. ஏன் இறங்கியது, ஏன் இப்படி ஏறியது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். வேறு மருந்து எதுவும் எடுக்கவில்லை என்று அவருடைய மனைவி சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்.

அவருடைய மனைவி செல்வி, திருநெல்வேலிப் பக்கம். என்னைப் பார்த்ததும் தெரிந்தவரைப் பார்த்ததுபோல் எழுந்து நின்றார். எனக்கு முகம் நினைவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கிண்ணங்களைப் பரப்பி, நேற்றுக் காலையிலிருந்து ஆரம்பித்தேன். இட்லி, ரொட்டி, பருப்பு, சுரைக்காய். சந்தேகப்பட ஒன்றுமில்லை. குளிர்காலத்துக்குப் போனேன். ஜனவரியிலிருந்து தினமும் காலையில் பெரிய டம்ளர் நிறைய பாலக் கீரைச் சாறு என்றார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பாலக்கில் இருக்கும் விட்டமின் ‘கே’ அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். அதனால்தான் எண் இறங்கியிருக்கிறது, டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். மார்ச்சில் ஹோலி முடிந்ததும் தில்லியில் வண்டிக்காரர்களிடம் பாலக் முற்றிப் போய், பிறகு காணாமலே போய்விடும். சாறு நின்றுவிட்டது. கூட்டிய மாத்திரை மட்டும் கூட்டியபடியே இருந்திருக்கிறது.

ஆனால் எட்டுக்கு மேல் போக அது மட்டும் போதுமா என்று சந்தேகம். பையைக் காட்டுங்கள் என்றேன். ரிப்போர்ட் ஃபைல், சீப்பு, டிபன் டப்பா, மாற்று வேட்டி. அடியில் பச்சை மாத்திரை அட்டை ஒன்று, பாதி காலியாக. இதை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“இது மருந்து இல்லல்லா மேடம், சத்து மாத்திர. கீர கெடைக்கலன்னுட்டு அதுக்குப் பதிலா தெனம் ரெண்டு குடுத்தேன்.”

விட்டமின் ‘இ’. பெரிய அளவில் எடுத்தால் ரத்தத்தை இன்னும் இளக்கிவிடும். அட்டையை டாக்டரிடம் கொடுத்துவிட்டு வந்து, கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“நீங்கதான மேடம் சொன்னிய. பொங்கல் விழால. ஆப்பிள்ல எலுமிச்சம்பழம் தடவிக் காட்டினியளே.”

ஃபைலுக்குள்ளிருந்து காலண்டர் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. கீரை, எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. விட்டமின் இ, கேடு இல்லை. அதற்குக் கீழே, சொன்னது டயட்டீஷியன் உஷா மேடம். என் பெயருக்கு அடியில் இரண்டு கோடு வேறு.

சாப்பிட்ட விவரம் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினேன். சிவப்புக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டுப் படிவத்தை பல்லா மேடத்தின் மேஜையில் வைத்தேன். அவர் கீழிருந்து மேலாகப் படிக்கிற பழக்கம் உள்ளவர். காலிக் கட்டத்தில் விரலை வைத்து நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதி, அந்த மனுஷர் பிழைக்க மாட்டாரோ என்ற பயம் பாதி. எது பெரிய பாதி என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

மேடம் திட்டவில்லை. தண்ணீர் கொடுக்கவும் இல்லை. பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் தள்ளினார். நான் என் பெயரை எழுதினேன். அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு இந்தியில், இப்போது போய் அந்த அம்மாவிடம் சொல், டாக்டர் சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது என்றார்.

மேடத்தின் அறையிலிருந்து அந்த வார்டு மூன்று மாடி மேலே. லிஃப்ட் இருந்தும் படியேறியே போனேன், கொஞ்சம் தாமதமாகட்டும் என்று. செல்வியைத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னேன். கீரையும் தப்பில்லை, நீங்களும் தப்பில்லை, வால்வுக்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, அந்த ‘இ’ மாத்திரையைத் தொடவே கூடாது, அதை நான் சொல்லாமல் விட்டேன், என் தப்பு என்றேன். அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவிய பொழச்சு வரட்டும்” என்றார். “பொறவு கீர வாங்கும்போதெல்லாம் ஒங்களக் கேட்டுத்தான் வாங்குவேன். நீங்க ஃபோன எடுக்கணும்.”

இரண்டு நாள் அந்த எண் இறங்குவதற்காகக் காத்திருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக மருந்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் நான் லேப் ஜன்னலில் போய் நின்றேன். எட்டு, ஆறரை, ஐந்து. மூன்றாவது நாள் மூக்கிலிருந்து பஞ்சை எடுத்தார்கள். வால்வும் தப்பியது. எனக்கு மெமோ வந்தது, விளக்கம் எழுதிக் கொடுத்தேன், அதோடு விட்டார்கள்.

செல்வி சொன்னபடி செய்தார். ஒவ்வொரு நவம்பரிலும் முதல் பாலக் கட்டு வந்ததும் ஃபோன் வரும். எத்தனை கிண்ணம் என்று கேட்பார். வாரத்துக்கு இத்தனை, வருடம் முழுக்க அதே அளவு, பாலக் இல்லாத மாதங்களில் வேறு கீரை என்று நானும் அதையே சொல்வேன். அவருக்கு அது மனப்பாடம், எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு வருடமும் தவறாமல் கேட்பார். அவர்கள் குடியிருப்பைக் காலி செய்து உத்தம் நகர் பக்கம் போன பிறகும், நான் ஓய்வுபெற்ற பிறகும் அது நிற்கவில்லை.

இந்த வருடம் வரவில்லை. எங்கள் கேட் வாசலில் வண்டிக்காரர் பாலக் கட்டுகளை அடுக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வித்யா வந்து போன அன்று மத்தியானம் நானே கூப்பிட்டேன். சண்முகவேல் எடுத்தார். செல்வி மாடியில் துணி காயப்போடுகிறாராம். கீரை அதே அளவுதான், மனப்பாடமானதால் இந்த வருடம் கூப்பிடவில்லை என்றார். கட்டில் அருகே ஸ்டூலில் உட்கார்ந்த பழக்கம், நேற்றுக் காலையிலிருந்து சொல்லுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். வெந்நீர். அப்புறம் ஒரு மஞ்சள் மாத்திரை.

என்ன மஞ்சள் என்றேன். மூட்டு வலிக்காம். மஞ்சளிலிருந்து சத்தை மட்டும் பிரித்தெடுத்த மாத்திரை, நல்ல ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று போட்டிருக்கிறதாம், செல்விதான் வரவழைத்துக் கொடுத்தாராம். இருபது நாளாக.

“மஞ்சத்தான மேடம். அடுப்பங்கரைல கெடக்கதுதானன்னு ஒங்களக் கேக்கல” என்றார்.

குழம்பில் போடுகிற மஞ்சள் ஒன்றும் செய்யாது. அதையே நூறு குழம்புக்கு உண்டானதாக ஒரு மாத்திரையில் அடைத்தால் அதுவும் ரத்தத்தை இளக்கலாம். இன்றே நிறுத்துங்கள், நாளைக் காலையில் முதல் வேலையாகப் பரிசோதனை, ரிப்போர்ட்டை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா என்று கேட்டேன். கொஞ்ச நாளாக லேசாக வருகிறது என்றார். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“யார் சொன்னது?” என்று கேட்டேன்.

“தெரியல மேடம். ஏதோ வாட்ஸப் குரூப்ல வந்துச்சாம். அவளுக்கும் தெரியல.”

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. நாலே கால், மூன்றரைக்குள் இருக்க வேண்டியது. டாக்டரும் மஞ்சள் மாத்திரை கூடாது என்று சொல்லி, ஒரு வாரத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. செல்வி ஃபோனில் அழுதார், அன்று பெஞ்சில் அழாததற்கும் சேர்த்து. நான் பழைய பழக்கத்தில் காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். சிவப்புப் பேனா கிடைக்கவில்லை, நீலத்திலேயே கட்டம் போட்டேன். அன்று ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டத்தில் எழுத என் பெயராவது இருந்தது, மேடம் என்னைப் பிடித்து மூன்று மாடி ஏற்றி அனுப்ப முடிந்தது. இப்போது அதில் எழுதுவதற்கு ஒருத்தரும் இல்லை.

நேற்று வித்யாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்டால் இருந்தால் நான் இல்லை என்றேன், முனகிவிட்டு ஒப்புக்கொண்டாள். ஆப்பிள் கிடையாது, எல்லாரும் வீட்டில் இருக்கிற மாத்திரை டப்பாக்களைப் பையில் போட்டு எடுத்து வர வேண்டும், பத்து நிமிடம் பத்தாது என்றேன். அதற்கும் சரி என்றாள். நோட்டீஸில் பேச்சாளர் பெயரை எப்படிப் போடட்டும் என்று கேட்டாள். பெயரைப் பெரிதாகப் போடு, பக்கத்தில் என் ஃபோன் நம்பரையும் போடு என்றேன்.

“நம்பர் எதுக்கு ஆன்ட்டி? ஆல்தூ ஃபால்தூ ஆளுங்கல்லாம் தொந்தரவு பண்ணுவாங்க.”

பண்ணட்டும் என்றேன். யாருக்காவது மூக்கில் ரத்தம் வந்தால், கூப்பிட்டுத் திட்டுவதற்காவது ஒரு நம்பர் வேண்டும்.